பந்து காலில் இல்லாத 21 மணி நேரம்

வாசகர் கேள்வி

நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். கணவர் ஒரு தனியார் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மகள் 10-ஆம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கிறாள். மகன் 7 முடித்துவிட்டான், வரும் நவம்பரில் 13 வயது ஆகிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குப் பந்துதான் எல்லாம். இடது கால்காரன், லெஃப்ட் விங், அதாவது மைதானத்தின் இடது ஓரத்தில் முன்னேறி ஆடுகிறான். வயதுக்கு ஆள் சின்னதாகத்தான் இருப்பான். போன மாதம் வட மாநிலத்திலிருந்து ஒரு கால்பந்து அகாடமி சென்னைக்கு வந்து டிரையல்ஸ் வைத்தது. 300 பையன்களில் 6 பேரை எடுத்தார்களாம், அதில் இவனும் ஒருவன். அங்கேயே தங்கி, அங்கேயே படிக்க வேண்டும். வருடத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். 10 நாளில் 75 ஆயிரம் முன்பணம் கட்டினால்தான் இடம் என்கிறார்கள். மகளுக்காகச் சேர்த்த நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். அவர் காலேஜ் டீமில் ஆடியவர், தனக்கு யாரும் வழிகாட்டவில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு. மாமியார் தினமும் அழுகிறார். பையனோ, 'அனுப்பலைன்னா இனிமே பந்தையே தொடமாட்டேன்' என்று சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறான். புது பூட்ஸ்கூட வாங்கிவிட்டோம், வளரும் பிள்ளை என்று ஒன்றரை சைஸ் பெரிதாக. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்

பயிற்சியாளர் பதில்

சகோதரி, முதலில் அந்த 75 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

10 நாள் கெடு என்று படித்ததுமே எனக்கு உறுத்தியது. ஒரு பையனின் ஆட்டத்தைப் பார்த்து, 'இவன் நமக்கு வேண்டும்' என்று மனதார நினைக்கிற கோச், அவன் வீட்டார் இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்ல ஒரு மாதம் கேட்டால் காத்திருப்பார். நல்ல இடது கால்காரன் கிடைப்பது அவ்வளவு அரிது. இப்படி அவசரப்படுத்துகிற இடங்களில், பையனைவிட படுக்கை நிரம்புவது முக்கியமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அகாடமியை எனக்குத் தெரியாது, அது நல்ல இடமாகவே இருக்கலாம். நல்ல இடமாக இருந்தால் நீங்கள் அவகாசம் கேட்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

அடுத்து உங்கள் மகனைப் பற்றி. நவம்பர் பிறப்பு, ஆள் சின்னது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது பெரிய விஷயம். இளையோர் கால்பந்தில் வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறோம். ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோத வேண்டும். 12 வயதில் பத்து மாத இடைவெளி என்பது உயரத்தில், எடையில், ஓட்டத்தில் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் உலகம் முழுக்க இளையோர் அகாடமிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்த பையன்கள் அதிகமாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருக்கிறார்கள். தேர்வு செய்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் உடம்பைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட டிரையல்ஸில் நவம்பரில் பிறந்த சின்னப் பையன் ஒருவன் தேர்வாகிறான் என்றால், அவனிடம் ஆட்டம் இருக்கிறது. இதை அவனிடம் சொல்லுங்கள். கூட்டிக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.

அதே காரணத்தால்தான் அவனுக்கு அவசரம் இல்லை என்றும் சொல்கிறேன். ஆண் பிள்ளைகள் மளமளவென்று வளர்வது பெரும்பாலும் 14 வயதை ஒட்டித்தான். சிலருக்கு 15, 16 ஆகிவிடும். அவன் கால் நீளும், இடுப்பு உயரும், ஓடும் விதமே மாறும். நேற்று வரை காலில் ஒட்டிக்கொண்டிருந்த பந்து ஆறு மாதத்துக்கு ஒட்டாது. அந்தத் தடுமாற்றத்தின்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி 1987-இல் தொடங்கியது. ரெனடி சிங், மகேஷ் காவ்லி, சுப்ரதா பால் என்று இந்தியாவுக்கு ஆடியவர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் 2015-இல் வந்தது. 2023 நவம்பரில் புவனேஸ்வரில் ஃபிஃபாவும் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு அகாடமி திறந்தன, ஆர்செனல் அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் நேரில் வந்திருந்தார். ஒரு திறமையான பையனுக்குத் தன்னைவிட நன்றாக ஆடும் இருபது பையன்களோடு தினமும் ஆடுவதைப் போல வேறு பாடம் கிடையாது. அதை வீட்டிலிருந்தபடி முழுதாகக் கொடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஜாம்ஷெட்பூரிலும் நவி மும்பையிலும் தேர்வான பையனுக்கு ஆகும் செலவு அகாடமியுடையது. கட்டணம் வாங்குகிற அகாடமிகளிலும் நல்லவை உண்டு. அங்கேயும், விடக்கூடாது என்று நினைக்கிற பையனுக்குக் கட்டணத்தைப் பாதியாக்குவார்கள், அல்லது மொத்தமாகவே விட்டுக்கொடுப்பார்கள். முழுக் கட்டணம் கேட்கிறார்கள் என்றால், 'எடுத்த 6 பேரில் எத்தனை பேருக்குச் சலுகை கொடுத்தீர்கள், என் பையனுக்கு ஏன் இல்லை?' என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இப்போது இந்தப் பதிலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அகாடமியில் ஒரு பையன் பந்தோடு இருப்பது காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி, ஆக 3 மணி நேரம். விளம்பர வீடியோவில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அந்த 3 மணி நேரம்தான். மீதி 21 மணி நேரம் அவன் தூங்குகிறான், சாப்பிடுகிறான், படிக்கிறான், துணி துவைக்கிறான், வீட்டை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். பெற்றோர் ஒப்படைப்பது அந்த 21 மணி நேரத்தை. இன்னொரு கணக்கும் உண்டு: பிள்ளைகளின் ஒரு வாரத்துப் பயிற்சி நேரம் அவர்கள் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். 12 வயதுக்கு 12 மணி நேரம். தினமும் 3 மணி வீதம் 6 நாள் என்றால் 18 ஆகிறது. 'நாங்கள் ரொம்ப நேரம் பயிற்சி கொடுக்கிறோம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் பயின்ற தண்டையார்பேட்டைப் பையன் ஒருவனைப் பார்க்க வேறு மாநிலத்தில் இருந்த ஒரு அகாடமிக்குப் போனேன். மாலைப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன், ரயில் தாமதத்தால் இரவு எட்டரைக்குத்தான் போனேன். அந்தத் தாமதத்துக்கு இன்று வரை நன்றி சொல்கிறேன். நீளமான ஒரு ஹாலில் இரண்டடுக்குக் கட்டில்கள், 54 பையன்கள். ஒரே வார்டன், அவரே ஸ்டோர் கணக்கும் பார்க்கிறார். கட்டிலுக்கடியில் ஈர பூட்ஸ் வரிசை, உள்ளே பழைய இந்திப் பேப்பர் திணித்து வைத்திருந்தார்கள். மெஸ்ஸில் பெரிய பையன்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு எழுந்த பிறகு சின்னவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் முறை வந்தபோது முட்டை தீர்ந்திருந்தது. நாலு ரொட்டி, தண்ணீராக ஒரு பருப்பு. என் பையன் தட்டோடு நொண்டிக்கொண்டு வந்தான். சாக்ஸை இறக்கச் சொன்னேன். கணுக்கால் இட்லி மாதிரி வீங்கியிருந்தது, கிழிந்த ஒரு சாக்ஸால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

'எப்போடா ஆச்சு?'

'செவ்வாக்கிழமை சார்.' அன்றைக்கு வெள்ளி.

'யார்கிட்ட சொன்ன?'

'யார்கிட்டயும் சொல்லல சார். சொன்னா நாளைக்கு மேட்ச்ல உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் எடத்த வேற யாருக்காவது குடுத்துருவாங்க.'

அந்த இடத்தின் டர்ஃப், அதாவது ஆடுகளப் புல்தரை, அருமையானது. கோச் நல்ல மனிதர்தான், தொழில் தெரிந்தவர். ஆனால் ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்ததும் அவர் ஊருக்குள் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு ஒரு 13 வயதுப் பையன் வலியோடு இருக்கிறான் என்பதைப் பார்க்க அங்கே கண் கிடையாது.

அந்தப் பையனை 15 வயதில் விட்டுவிட்டார்கள். ஏப்ரலில் அப்பாவுக்கு ஒரு போன், 'அடுத்த வருடம் அவன் எங்கள் திட்டத்தில் இல்லை' என்று. வீட்டுக்கு வந்தவன் 10-ஆம் வகுப்பில் எங்கே சேர்வது என்று தெரியாமல் நின்றான். அங்கே ஆன்லைன் பள்ளி என்று சொல்லி இரண்டு வருடம் பாடமே நடந்திருக்கவில்லை. கிரவுண்டுக்கு வருவான், உள்ளே வரமாட்டான். கம்பி வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று சின்னப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். நான் கூப்பிட்டால் சிரிப்பான். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் பந்து வேலியைத் தாண்டிப் போய் அவன் காலடியில் விழுந்தது. எடுத்து உள்ளே தட்டிவிட்டான். அன்றைக்குத்தான் வந்தான். இப்போது சென்னை லீகில் ஆடுகிறான், ஒரு வேலையும் இருக்கிறது. நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும், ஏனென்றால் அவனை அங்கே அனுப்பச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எல்லா இடமும் அப்படி இல்லை. அதே பயணத்தில் இன்னொரு அகாடமியையும் பார்த்தேன். அங்கே பிசியோவின் அறைச் சுவரில் ஒவ்வொரு பையனின் பெயருக்கும் எதிரே பென்சில் கோடுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிற்கவைத்து உயரம், உட்காரவைத்து உயரம் இரண்டையும் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். சட்டென்று வளர ஆரம்பித்த பையனுக்கு ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்துவிடுகிறார்கள். வளரும் பையன்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், குதிகால் வலிக்கும். கவனித்துச் சுமையைக் குறைத்தால் சரியாகிவிடும் வலி அது. கவனிக்காமல் ஓடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அங்கே சமையல்கார அம்மா ஒரு பையனை நிறுத்தி, நேற்று ஏன் பால் குடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். 30 பையன்கள்தான். அந்த அம்மாவுக்கு எல்லாப் பெயரும் தெரியும். டர்ஃப் என்னவோ அங்கங்கே தேய்ந்துதான் இருந்தது.

ஆகவே, எந்த அகாடமியாக இருந்தாலும், கணவரோ நீங்களோ நேரில் போய் ஓர் இரவாவது பக்கத்தில் தங்கிப் பாருங்கள். பயிற்சி நேரத்தில் போகவே வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் போங்கள். சின்னப் பையன்களின் தட்டைப் பாருங்கள். கழிப்பறையைப் பாருங்கள். 13 வயதுக்குட்பட்டவர்களும் 17, 18 வயதுப் பையன்களும் ஒரே அறையில் படுக்கிறார்களா என்று பாருங்கள், படுத்தால் அங்கே அனுப்பாதீர்கள். இரவில் யார் பொறுப்பு, அவர் எத்தனை பேருக்குப் பொறுப்பு, பையன் வீட்டுக்குப் போன் பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்பார்களா, ஒரு பெரியவர்மீது பையனுக்குப் புகார் இருந்தால் யாரிடம் சொல்வான் என்று கேளுங்கள். பிள்ளைகளைத் தங்கவைக்கும் இடத்தில் போக்சோ சட்டம் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கக் கூடாது. பதில் தயாராக இருக்க வேண்டும். தம்பி எங்கே போனாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவன் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். 13 வயதுப் பிரிவுக்குத் தினமும் யார் பயிற்சி கொடுக்கிறார், அவரிடம் என்ன லைசன்ஸ் இருக்கிறது? பேனரில் இருக்கும் பெரிய பெயரைக் கேட்கவில்லை, தினமும் விசில் ஊதுகிறவரைக் கேட்கிறேன். அகில இந்தியக் கூட்டமைப்பு அகாடமிகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கிறது, 13, 15, 17 வயதுக்குட்பட்டோருக்கு யூத் லீக் நடத்துகிறது. இந்த அகாடமிக்கு அங்கீகாரம் உண்டா, எந்த லீகில் ஆடுகிறார்கள், பையனைக் கூட்டமைப்பின் பதிவு முறையில் யார் பெயரில் பதிவார்கள், அவன் வெளியே வர விரும்பினால் தடுப்பார்களா? ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். போன வருடம் எத்தனை பையன்களை விட்டார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. விட்ட இரண்டு பையன்களின் பெற்றோரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. எங்காவது ஒருவர் 'வயதைக் கொஞ்சம் குறைத்துப் புதுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்' என்று சொன்னால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கும் சோதனை இங்கே நடைமுறையில் இருக்கிறது. மாட்டினால் தடை விழுவது பையன்மீதுதான், சொல்லிக்கொடுத்தவர் வேறு பையனைத் தேடிப் போய்விடுவார்.

படிப்புக்கு வருவோம். 8-ஆம் வகுப்புக்குப் போகிறவன் புது மாநிலத்தில், புது மொழியில், திரையைப் பார்த்துப் படிக்க வேண்டும். பள்ளி என்றால் கட்டடம், டீச்சர், வருகைப் பதிவு, பரீட்சை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் பெற்றோர் கவனிக்காமல் விடுவது விளையாட்டுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரியிலும் இடங்கள் உண்டு. அதற்கெல்லாம் மதிப்பு, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடியதற்குத்தான். தனியார் டோர்னமென்ட்டில் ஆளுயரக் கோப்பை வாங்கினாலும் அங்கே எடுபடாது. நம் பையன் வேறு மாநிலத்தில் பதிவு செய்து ஆடினால், தமிழ்நாட்டு அணிக்கான தேர்வில் அவன் இருக்கமாட்டான். போனாலும் தெரிந்து போகட்டும்.

பணத்தைப் பற்றி நான் பேசுவது கணவருக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். வருடம் 4 லட்சத்து 80 ஆயிரம் என்றால் நாலு வருடத்தில் 19 லட்சத்தைத் தாண்டும், ரயில் செலவும் விளையாட்டு உடைச் செலவும் தனி. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? நாட்டின் பெரிய தொழில்முறை லீகான இந்தியன் சூப்பர் லீகில், அதாவது ஐஎஸ்எல்லில், 2024-25 பருவத்தில் 13 அணிகள். அணிக்கு 25 பேர் என்று வைத்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கழித்தால், இந்த நாட்டு முழுமைக்கும் 250 இடம் வரும். அந்த 250 பேரின் நிலையும் கெட்டியானதில்லை. 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்திவைத்தபோது தேசிய அணி ஆட்டக்காரர்களே சம்பளம் வருமா என்று தவித்தார்கள். இப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒரு குடும்பம் தன் உழைப்பைக் கொடுக்கலாம், நேரத்தைக் கொடுக்கலாம். கடன் கொடுக்கக் கூடாது. அதுவும் அந்த நகை உங்கள் மகளுடையது. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். தனக்கென்று இருந்தது தம்பியின் பந்துக்குப் போனது என்று அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், மனதில் தங்கிவிடும். தம்பிக்கும் அது சுமைதான். அக்கா நகையை மீட்க வேண்டும் என்ற நினைப்போடு 12 வயதுப் பையன் விங்கில் துணிந்து பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளியைத் தாண்டிப் போவானா? பந்தை இழந்துவிடுவோமோ என்று பயந்து பின்னாலேயே தட்டுவான். விங்கருக்கு அந்தப் பயம் வந்தால் ஆட்டமே போய்விடும்.

சரி, அனுப்பாமல் என்ன செய்வது? நீங்கள் இருப்பது பெரம்பூரில். பக்கத்தில் வியாசர்பாடி. முல்லை நகர் மைதானத்தில் ஒரு சாயந்திரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று மோகன் பகானை ஜெயித்தபோது அந்த ஒரு கோலை அடித்த நந்தகுமார் சேகர் வியாசர்பாடிக்காரர். இங்கே ஆடி, சென்னை சிட்டி கிளப் வழியாக ஐஎஸ்எல்லுக்குப் போனவர். அந்தப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கட்டணம் பார்க்காமல் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் பல வருடமாக இருக்கிறது. 14 வயது வரைக்கும் தேவையான ஆட்டம் வட சென்னையில் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளையும் விசாரியுங்கள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள், தேர்வு வைத்து எடுப்பார்கள், தங்குவதும் சாப்பாடும் பயிற்சியும் இலவசம், பக்கத்துப் பள்ளியில் நம் பாடத்திட்டத்திலேயே படிப்பான். மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸும் தங்கிப் பயிலும் அகாடமி நடத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம். இங்கேயும் நான் சொன்ன அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான். அரசு விடுதி என்பதால் கேட்காமல் விட வேண்டாம்.

இந்த ஒரு வருடத்துக்கு வாரம் நாலு நாள் பயிற்சி, ஒரு நாள் மேட்ச், ஒரு நாள் தெருவில் இஷ்டத்துக்கு ஆட்டம், ஒரு நாள் முழு ஓய்வு போதும். வலது காலுக்குத் தினமும் 15 நிமிடம் சுவரில் அடித்து வாங்கட்டும். இடது கால்காரர்கள் வலது காலை நடப்பதற்கு மட்டும் வைத்திருப்பார்கள், 16 வயதில் எதிராளி அதைக் கண்டுபிடித்துவிடுவான். அவன் கோச்சிடம் 'ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ்' வார்ம்-அப் செய்யவைக்கச் சொல்லுங்கள், காயத்தைக் குறைக்கவே உருவாக்கியது. 9 மணி நேரத் தூக்கம், போன் உங்கள் தலையணைக்குக் கீழே. சாப்பாட்டுக்குப் பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். காலையில் கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், வந்ததும் இரண்டு முட்டை, பள்ளிக்கு ஒரு டப்பா கொண்டைக்கடலைச் சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ, இரவில் தயிர். நீங்கள் வீட்டில் இருந்தே வேலை செய்பவர், சுடச்சுடக் கொடுக்க முடியும். எந்த மெஸ்ஸிலும் கிடைக்காத வசதி அது.

தம்பியிடம் இதை அப்பா சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். பாட்டி அழுவதால் அனுப்பவில்லை என்று அவன் நினைத்துவிட்டால், அந்தக் கோபம் பாட்டிமேல் தங்கிவிடும். 'அனுப்பமாட்டோம்' என்று சொல்லக் கூடாது, 'இந்த வருஷம் இங்க, அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து டிரையல்ஸுக்குப் போறோம்' என்று சொல்ல வேண்டும். சொல்வதோடு நிறுத்தாமல் காலண்டரை இறக்கி, விளையாட்டு விடுதித் தேர்வு, முதலமைச்சர் கோப்பை, மாவட்டத் தேர்வு என்று தேதி தெரிந்ததையெல்லாம் அவன் கையாலேயே குறிக்கச் சொல்லட்டும். பையன்கள் 'இல்லை' என்ற சொல்லைத் தாங்குவார்கள், 'பார்க்கலாம்' என்பதைத்தான் தாங்கமாட்டார்கள். அப்பா காலேஜில் ஆடியவர் என்கிறீர்கள். அவரை வாரம் இரண்டு நாள் கிரவுண்டுக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்தாமல் பார்த்தாலே போதும். அவருக்கும் அது தேவையாக இருக்கும் என்று தோன்றுகிறது.

இரண்டு நாளில் சாப்பிட ஆரம்பித்துவிடுவான். நாலைந்து நாள் தாண்டியும் முடங்கியே கிடந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த பூட்ஸ். மண்ணில் இறங்கியிருக்காவிட்டால் பில்லோடு எடுத்துப் போய் மாற்றிவிடுங்கள். ஒன்றரை சைஸ் பெரிய பூட்ஸுக்குள் கால் வழுக்கும், திரும்பும்போது கணுக்கால் மடங்கும், குதிகாலில் கொப்புளம் வரும். சாயந்திரம் போங்கள், கால் அப்போதுதான் சரியான அளவில் இருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். நிற்கவைத்து முன்பக்கம் அழுத்திப் பார்த்தால் கட்டை விரலுக்கு முன்னால் அரை விரல் அகலம் இடம் இருந்தால் போதும். நம் கிரவுண்டுகள் கெட்டித் தரை, அதனால் நீளமான ஸ்டட் வேண்டாம், குட்டை ரப்பர் ஸ்டட் கேளுங்கள். ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும், தெரியும். அப்போது இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.